இரவல் நாற்காலிகளும் வறுமைப் புத்தகங்களும்

1

நூலகத்தில் எனக்குப் புத்தகம் அடுக்குகிற வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பற்றி வேறு கதை உலவுகிறது. கனடாவில் ஒரு பெரிய நூலகமே என் கையில் இருக்கிறதாம். நான் போய்த்தான் கதவைத் திறக்கிறேனாம். வட்டகொடை ஸ்டேஷனடிக் கடை வரைக்கும் இந்தப் பேச்சு போயிருக்கிறது. பரப்பியவள் என் அக்கா பாக்கியம். உண்மையில் நான், திரும்பி வருகிற புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து, அதனதன் இடத்தில் செருகுகிறவள். அதுவும் வாரத்தில் பாதி நாள்தான். மீதி நாட்களில் கூப்பிட்டால் ஓடுவேன்.

எங்கள் கிளையின் பொறுப்பாளர் நல்ல மனுஷி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். மாதத்துக்கு ஒரு தலைப்பில் ‘வாசிக்கப் பரிந்துரைக்கிறோம்’ என்று வாசலருகே ஓர் அலமாரி வைப்பது அவருடைய பழக்கம். தோட்டக்கலை, துப்பறியும் கதை, நாய் வளர்ப்பு எல்லாம் வந்துபோயின. இந்தத் தடவை பொருளாதாரக் கொள்கை, வளர்ச்சி, வறுமை. புத்தகங்களை மேலிடத்தில் தெரிவு செய்து அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன அட்டையில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும்.

“இதை நீ எழுதேன், சரசு,” என்றார். “நீ அந்த மாதிரி இடத்திலிருந்து வந்தவள் அல்லவா?”

அந்த மாதிரி இடம்! எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிற நேரத்தையும் வேலை நேரமாகப் போட்டுத் தருவேன் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னார். கோபத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சரி என்றேன்.

எந்த மாதிரி இடம் என்று இங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரரை விடுங்கள், நம் தமிழருக்கே தெரியாது. கோயிலில் பக்கத்தில் நிற்கிற அம்மா, “யாழ்ப்பாணத்தில எவடம்?” என்பார். மலையகம் என்றால், “அப்ப நீங்கள் இந்தியாவோ?” என்பார். நான் வாயைத் திறந்து ‘வாங்க, போங்க’ என்று பேசியதும் அவருக்குச் சந்தேகமே தீர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வந்தவர். நான் அதே பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவருடைய சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் பேச்சைக் கேட்டு யாராவது ஒருவர் மெதுவாகச் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பழகிவிட்டது.

2

புத்தகப் பொதி வீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான் ஊரிலிருந்து அந்தச் செய்தியும் வந்தது. அக்காவுக்கு உதவித்தொகை இல்லை.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவி அது. வீடு வீடாக வந்து கேள்வி கேட்டுப் பதிந்துகொண்டு போனார்கள். அக்காவுக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிள்ளை குட்டி கிடையாது. அவள் புருஷன், மாமா, போய்ச் சேர்ந்ததிலிருந்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறாள். தோட்டத்தில் பென்சன் வயது தாண்டியும் கைக்காசுக்குப் போகிறாள், அதாவது பதிவில்லாமல் அன்றன்று பறிக்கிற கொழுந்துக்கு அன்றன்று கூலி. வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. நுவரெலியா கிளினிக்கில் காட்டியபோது, மலையில் ஏறுவதும் இறங்குவதும் இனிக் கூடவே கூடாது, விழுந்தால் எழும்ப மாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த உதவி கிடைத்தால் அவள் மலைக்குப் போக வேண்டாம். கிடைக்காவிட்டால் போயே ஆக வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

நீ ஏன் அனுப்பக்கூடாது என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கத்தானே வேண்டும். பண்டகசாலையில் பெட்டி தூக்கி என் வீட்டுக்காரரின் முதுகு போய்விட்டது. காப்புறுதிக் கந்தோரில் ஒரு பெண் அவரிடம், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இவர் நம்மூர் மரியாதையில், பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான், பரவாயில்லாத ஆளுக்கு எதற்கு நஷ்டஈட்டுப் பணம் என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கடன் இருக்கிறது, மகளின் படிப்பு இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்காவுக்கு ஏதோ அனுப்புகிறேன். மாதாமாதம் என்னால் முடியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

3

“ஏன்க்கா கிடைக்கல?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

அக்கா சிரித்தாள். “நாம வசதியானவங்களாம்டி. கமலாவும் வசதியாம். நம்ம லயத்துல முக்காவாசிப் பேரு வசதியாம். எனக்கே இப்பத்தான் தெரியும்.”

“விளையாடாத. வந்தவங்க என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?”

அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காம்பராவுக்கு, அதாவது எந்த லயத்து வீட்டுக்கு, விருந்தாளி வந்தாலும், அந்த நேரத்துக்கு லயத்திலுள்ள நல்ல சாமான் எல்லாம் அந்தக் காம்பராச் சாமான். பக்கத்துக் காம்பராக் கமலா வீட்டு நாற்காலிகள், கடைசி வீட்டின் பூப்போட்ட கண்ணாடிக் கிளாசுகள், எங்கள் வீட்டு மேசைவிரிப்பு. யாரும் கேட்பதில்லை, யாரும் தருகிறேன் என்று சொல்வதுமில்லை. பின்வாசல் வழியாக வரும், விருந்தாளி முன்வாசலால் இறங்கியதும் பின்வாசல் வழியாகவே போய்விடும். என்னைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து மாமியார் வந்தபோது நாற்காலிகளைக் கண்ணாலேயே எண்ணிவிட்டு, பரவாயில்லை, வசதியான இடம்தான் என்று மகனிடம் முணுமுணுத்தாராம். அடுத்த தடவை வந்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அந்தக் கதிரையள் எங்கை பிள்ளை?” என்று கேட்டார்.

அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறது என்றதும் லயம் முழுக்கக் கூட்டிப் பெருக்கி, சாணி மெழுகி, தயாராகிவிட்டது. வந்தது ஒரு சிங்களப் பெண்.

“தங்கமான பிள்ளடி,” என்றாள் அக்கா. “தமிழக் கொச்ச கொச்சயா பேசிச்சு. மொதக் காம்பராவுல உக்காந்து எழுதிச்சா, அது எந்திரிச்சதும் நானும் கமலாவும் நாக்காலியத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடி அடுத்த வீட்டுல போட்டோம். இப்பிடியே லயம் முடியிற வரைக்கும். எனக்கு இந்தக் காலோட ஓடி ஓடி மூச்சு வாங்கிருச்சு.”

“அடிப்பாவி! எல்லா வீட்டுலயும் அதே நாக்காலிங்கிறது அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமா? எங்க வீட்டுல உக்காரும்போது நாக்காலியத் தடவிப் பாத்துட்டு என்னப் பாத்துச் சிரிச்சிச்சு. நம்ம மானத்தக் காப்பாத்தணும்னு பேசாம இருந்திருக்கும்.”

அந்தப் பெண்ணும் நல்லவள்தான். பேசாமல் இருந்தாள், ஆனால் எழுதாமல் இருக்க முடியுமா? நாற்காலி உண்டு என்று எழுதினாள். மேசை உண்டு, கண்ணாடிச் சாமான் உண்டு, கமலாவின் டீவியும் உண்டு. வீடு யாருடையது என்று கேட்டதற்கு அக்கா, “எங்க வீடுதாங்க” என்றிருக்கிறாள். அந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்க வேண்டும்.

“எங்க வீடுன்னு ஏன்க்கா சொன்ன?”

“பின்ன? அப்பா, தாத்தா எல்லாம் செத்தது இந்தக் காம்பராவுலதானே. வேற யாரு வீடுன்னு சொல்றது?”

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா வாயில் ‘இல்லை’ வராது. விளக்கு வைக்கிற வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பு. நான் அதை எப்போதோ உதறிவிட்டேன், அக்கா விடவில்லை. சீனி தீர்ந்துவிட்டதென்றால் “சீனி வாங்கணும்” என்பாள். மாமா செத்தபோதுகூட, அவர் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, “அவுக போயிட்டாக” என்பாள். அந்தப் பெண் கேட்ட கேள்விகளோ, அத்தனையும் இல்லை என்று சொன்னால்தான் ஏழை ஆகலாம் என்கிற மாதிரியான கேள்விகள். ஃப்ரிஜ் இருக்கிறதா? வாங்கணுங்க. தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? போடணுங்க.

கடைசியாக, வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி. அக்கா எழும்பிப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்திருக்கிறாள். பனிக்குள் நூலக வாசலில் நான் நிற்கிற படம்.

“எந் தங்கச்சிங்க. கனடாவுல ஒரு லைப்ரரியே அவ கையிலதான்.”

4

பிறகு நான் அந்தப் புத்தகங்களைப் படித்தேன். வெறியோடு படித்தேன். ரொட்டி சுடும்போதும் பேருந்திலும் படித்தேன். அகராதி வேண்டியிருந்தது.

ஒரு தடித்த புத்தகம், முதலில் நாடு வளரட்டும், வளர்ந்தால் அது கீழே இறங்கி எல்லாருக்கும் வரும் என்றது. அதைப் படித்தபோது எனக்குக் காலை மலை நினைவு வந்தது. நிரையில் நின்று முதல் பிடி கொழுந்தைக் கூடையில் போடுமுன் யாராவது ஒருத்தி ‘பொலி, பொலி’ என்று குரல் கொடுப்பாள். பெருகட்டும் என்று அர்த்தம். அம்மா கொடுத்தாள், அக்கா கொடுத்தாள். பெருகத்தான் செய்தது. பெருகியதெல்லாம் லொறியில் ஏறி எங்கேயோ போய்விட்டது. எங்களுக்குக் குடிக்கக் கிடைத்தது தூள் கழிவில் போட்ட தேத்தண்ணி. இதை ஓர் அட்டையில் எழுதி, பிறகு கிழித்துப் போட்டேன்.

இன்னொரு புத்தகம், அரசாங்கம் கை கொடுக்காமல் எதுவும் நடக்காது என்றது. அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது. ஆனால் கொடுக்கிற கையை யாரிடம் நீட்டுவது என்ற அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டேன். ஏழைகளிடம் வருமானத்தைக் கேட்டால் சரியான பதில் வராது, அதனால் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து எழுத வேண்டும், கூரை, தரை, நாற்காலி மேசை மாதிரித் தளபாடம் என்று எழுதியிருந்தது.

மகளிடம் காட்டினேன். மகள் பல்கலைக்கழகத்தில் இதையேதான் படிக்கிறாள். பெரியம்மாவைச் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பார்த்தவள். காலில் அட்டைப்பூச்சி கடித்து அழுததும், பெரியம்மா அதற்கு உப்புத் தண்ணீர் விட்டதும்தான் அவளுக்கு நினைவு. தமிழ் பேசுவாள், தகப்பனின் தமிழ், அதிலும் பாதி ஆங்கிலம்.

“அது சரிதானேம்மா,” என்றாள். “எல்லாரும் இருக்கிறதை ஒளிச்சு வைப்பினம். அதால தளபாடத்தைத்தான் பாப்பினம்.”

“ஒளிச்சு வைக்கலடி. இரவல் வாங்கி வச்சாங்க!”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நாற்காலிக் கதையை முழுக்கச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“உங்கட ஆக்கள் ஏன் அம்மா இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டினவை?”

உங்கட ஆக்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை போய் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டது. என் வயிற்றில் பிறந்தவளுக்கு என் அக்கா என்னுடைய ஆள். அவளுடைய ஆள் இல்லை.

“வந்தவங்கள நிக்க வைக்கக்கூடாதுன்னு,” என்றேன். வேறென்ன சொல்ல?

“இதைப் பற்றி எழுதலாம், அம்மா. பெரியம்மாவை நான் பேட்டி எடுக்கலாமா?”

வேண்டாம் என்றேன். நீ கேட்டாலும் அவள் கமலாவின் நாற்காலியில்தான் உட்கார்ந்து பேசுவாள் என்றேன்.

5

மேன்முறையீடு செய்யலாம், இன்னொரு தடவை வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. கொட்டகலையில் ஒருவரைப் பிடித்து மனுவை எழுதிக் கொடுக்க வைத்தேன். பிறகு அக்காவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் குட்டிப் பிள்ளைகளுக்கு எடுத்த மாதிரி, ஒவ்வொரு நாளும் வீடியோவில்.

நாற்காலி ஒன்றுகூட வீட்டுக்குள் வரக்கூடாது. மேசைவிரிப்பைச் சுருட்டிப் பெட்டிக்குள் போடு. பிஸ்கட் கொடுக்காதே. காம்பரா தோட்டத்துடையது என்று சொல். முழங்காலைக் காட்டு. இருக்கா என்று கேட்டால் வாங்கணும், போடணும் என்று இழுக்காதே, இல்லை என்று சொல்.

“சரி,” என்றாள் எல்லாவற்றுக்கும். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“என் படத்தக் கழட்டி வை. வெளிநாட்டுல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டா, யாருமில்லன்னு சொல்லு.”

வீடியோ உறைந்துவிட்டதோ என்று நான் கைபேசியைத் தட்டினேன்.

“என்னக்கா?”

“மத்ததெல்லாம் சொல்றேன் சரசு. சாமான்தானே. உசுரோட இருக்கிற ஒன்ன எப்பிடிடி இல்லன்னு சொல்றது? வாய் அழுகிப் போகாதா?”

“ஒரு பேச்சுக்குத்தானே!”

“பேச்சுதான் பலிக்கும். அம்மா சொன்னது மறந்துருச்சா?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் மேல் கோபமா, என் கையாலாகாத்தனத்தின் மேல் கோபமா, இன்றைக்கும் தெரியவில்லை. “நான் இருக்கேன் இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லி ஒனக்கு என்ன கெடைச்சிச்சு? ஒரு மாத்திரை வாங்கிக் குடுத்தேனா? காலப் புடிச்சு விட்டேனா? நான் இருந்து ஒனக்கு என்ன பிரயோசனம்? மலையில விழுந்து சாகப் போறியா?” என்று கத்தினேன்.

அக்கா மெதுவாகச் சொன்னாள். “பிரயோசனத்துக்கா தங்கச்சி?”

பிறகு அவளே, “சரி அழுவாத. சொல்றேன். நீ போன்ல இரு. நீ கேட்டுக்கிட்டு இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்,” என்றாள்.

திரும்பிப் பார்த்தால் மகள் அறை வாசலில் நிற்கிறாள். “பொய் சொல்லச் சொல்லுறீங்களா, அம்மா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அறைக்குள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர்தான் சாய்கதிரையிலிருந்து சொன்னார்: “என்ன செய்யிறது. உண்மையைச் சொன்ன நான் இஞ்ச முதுகோட கிடக்கிறன்.”

6

அவர்கள் வந்தபோது அங்கே பின்னேரம், இங்கே காலை. நான் வேலைக்குப் போகப் பாண் துண்டுகளுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அக்கா கைபேசியைச் சாமித் தட்டில், படங்களுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எனக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. வெறும் காம்பரா என்பதால் பேச்சு எதிரொலித்தது.

இந்தத் தடவை வந்தவர் தமிழர், வயதான குரல்.

“ஒக்காருங்க சேர்... இந்தா, பாய் விரிக்கிறேன்,” என்றாள் அக்கா.

“வேணாம்மா, நிக்கிறேன். நெறைய வீடு இருக்கு.”

அவர் நின்றுகொண்டே கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி நின்றுகொண்டு பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அக்காவின் குரல் அதற்கே தடுமாறியது. நாற்காலி, மேசை என்று ஆரம்பித்தார்.

“வாங்கணு...” என்று தொடங்கினாள்.

“இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்கம்மா.”

“இல்லீங்க.”

டீவி? இல்லீங்க. நகை? இல்லீங்க. சொந்தக் காணி? இல்லீங்க. விளக்குத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, வாழ்நாளில் சொல்லாத சொல்லை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வெண்ணெய்க் கத்தியைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். நான்தானே சொல்லச் சொன்னேன். ஆனால் கேட்கக் கேட்க, நானே அந்தக் காம்பராவுக்குள் போய் ஒவ்வொரு சாமானாகத் தூக்கி வெளியே போடுகிற மாதிரி இருந்தது.

“வெளிநாட்டுல யாராச்சும்?”

தூரத்தில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

“அம்மா?”

“ஒரு தங்கச்சி...” என்றாள் அக்கா. பிறகு இருமினாள். சொல்லிவிடு, உண்மையைச் சொல்லித் தொலை, உதவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கத்தவில்லை.

“இல்லீங்க,” என்றாள். குரல் நடுங்கியது. “யாருமில்லீங்க.”

அவர் போன பிறகு அவள் கைபேசியை எடுத்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது, ஆனால் பேச்சு அவசரம் அவசரமாக வந்தது. “சரசு, நான் இப்பவே மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி, கன்னத்துல போட்டுக்கிட்டு வந்துர்றேன். நீ இன்னிக்குத் தல முழுகிரு. மறந்துராத. ரோட்டப் பாத்துக் கடந்து போ. ஒனக்கு ஒண்ணும் ஆகாது, ஆத்தா பாத்துக்குவா.”

வெளியே உறைபனி. நான் தலை முழுகினேன். ஈரத் தலையோடு வந்தவளைப் பார்த்து மகள், “இந்தக் குளிருக்க ஏன் அம்மா?” என்றாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

7

உதவி கிடைத்துவிட்டது. அக்கா இப்போது மலைக்குப் போவதில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குக் காலையில் ஆட்கள் போகும்போது வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. நான் கேட்டது நடந்தது. சந்தோஷப்பட வேண்டும்.

கமலாவுக்குக் கிடைக்கவில்லை. நாற்காலியும் டீவியும் அவளுடையதுதானே, அவள் என்ன செய்வாள்? இப்போது யார் வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலி வாசலைத் தாண்டுவதில்லையாம். கேட்க ஒருத்திக்கும் மனசில்லை, கொடுக்கவும் ஒருத்திக்கும் மனசில்லை. யாராவது மொட்டைப் பெட்டிசன் போட்டு விட்டால் உதவியை நிறுத்திவிடுவார்களாம், கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்களாம். யார் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறார்கள். என் படம் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில், மேசைவிரிப்பில் சுற்றிக் கிடக்கிறது. வீடியோவில் அக்கா வருவதில்லை. நான் கூப்பிட்டால் கைபேசியைக் குசினிக்குக் கொண்டுபோய், அடுப்பு ஊதுகிற சத்தத்துக்கு நடுவே கிசுகிசுக்கிறாள்.

நூலகத்தில் அலமாரி வந்தது. எல்லா அட்டையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். அந்தத் தளபாட அத்தியாயப் புத்தகத்துக்கு மட்டும், ‘நல்ல புத்தகம், கட்டாயம் படியுங்கள். படித்த பிறகு ஓர் ஏழை வீட்டுக்குப் போனால், உங்களுக்குப் போட்ட நாற்காலி யாருடையது என்று கேளுங்கள்’ என்று எழுதினேன். பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இது ஏதாவது உங்கள் ஊர்க் கவிதையா என்று கேட்டார். இல்லை, நடந்தது என்றேன். அழகாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார். அந்த மாதம் முழுக்க அந்தப் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. மாத முடிவில் நான்தான் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி அதன் இடத்தில் செருகினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். கமலா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார்களாம், போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். போகல, அவ கூப்பிடல என்று சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பின்வாசல் கதவு கிறீச்சிட்டது. அந்தக் கதவின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

“பாக்கியக்கா,” என்றது கமலாவின் குரல். என்னோடு ஒரே தண்ணீர்ப் பீலியில் குளித்து வளர்ந்தவளின் குரல். எத்தனை நாளைக்குப் பிறகு கேட்கிறேன். அவள் கொஞ்சம் தயங்கி, ஆசையாகக் கேட்டாள்.

“யாருக்கா போன்ல? நம்ம சரசா?”

“இல்ல கமலா,” என்றாள் அக்கா. “யாருமில்ல.”

இந்தத் தடவை அவள் குரல் நடுங்கவில்லை.